வேண்டாம் என்று சொன்ன படங்கள்

கருத்துப்படங்களுக்குக் குறுக்கே நிற்பது போலீசும் கோர்ட்டும் கூட்டமும்தான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அவர்கள் வரை போகும் படங்கள் மிகக் குறைவு. மற்றவையெல்லாம் மாலை ஆறு மணிக்கு மேல், ஆசிரியர் குழு அறையில் யாராவது ஒருவர் உதட்டைப் பிதுக்கி “இது வேண்டாமே” என்று சொல்வதோடு முடிந்துபோகின்றன. தென் மாவட்டங்களில் விற்பனையாகும் ஒரு நாளிதழின் தலையங்கப் பக்கத்தை நீண்ட காலம் கவனித்துக்கொண்டவள் நான். உதட்டைப் பிதுக்கியவர்களில் நானும் உண்டு. மதம் சம்பந்தப்பட்ட படம் வரும்போது அந்த அறையில் என்ன நடக்கிறது, அச்சாகி வெளியே போன பிறகு என்ன நடக்கிறது என்பதை, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் ஓவியர் வயதில் மூத்தவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணன். படத்தை நிராகரித்தால் சண்டை போடமாட்டார். “காரணத்தைச் சொல்லிவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள்” என்பார், அவ்வளவுதான். அவருடைய நச்சரிப்புத் தாங்காமல்தான் நீளமான ரிஜிஸ்டர் நோட்டு ஒன்று வாங்கி வைத்தோம். தேதி, படத்தில் என்ன இருக்கிறது, போட்டோமா இல்லையா, ஏன், முடிவு சொன்னவரின் கையெழுத்து. கோடு போட்டுக் கட்டம் பிரித்தது அண்ணனே.

ஆரம்பத்தில் ‘ஏன்’ என்ற கட்டத்தில் பெரும்பாலும் “பிரச்சினை வரும்” என்றே எழுதினோம். சில மாதங்களில் அந்த இரண்டு சொற்களை ஆசிரியர் தடை செய்தார். யாரிடமிருந்து, என்ன பிரச்சினை என்று எழுத வேண்டும் என்றார். அதற்குப் பிறகுதான் நோட்டு பேச ஆரம்பித்தது. திருவிழாவில் மண்டகப்படி உரிமைக்காக மோதிக்கொள்ளும் பெரிய சாதிகளைப் பற்றிய படங்கள் வரிசையாக நின்றுபோயிருந்தன. ஆள்பலம் இல்லாத ஒரு சிறு ஜெபக்கூட்டத்தின் போதகரைக் கிண்டல் செய்த படங்களோ இரண்டாவது யோசனை இல்லாமல் அச்சுக்குப் போயிருந்தன. மத நம்பிக்கைக்கு நாங்கள் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்த மரியாதை, உண்மையில் கூட்டம் கூட்டத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்த மரியாதை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கட்டம் போட்ட நோட்டு சொன்னது.

இது எங்கள் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். டென்மார்க்கின் யூலண்ட்ஸ்-போஸ்டன் நாளிதழ் 2005 செப்டம்பர் 30 அன்று நபிகள் நாயகத்தைப் பற்றிய 12 படங்களை வெளியிட்டது உலகுக்கே தெரியும். குழந்தைகளுக்காக நபியின் வாழ்க்கையை எழுதிய ஒருவருக்குப் படம் வரைய ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சிலிருந்து அது தொடங்கியது. பயத்தால் ஓவியர்கள் தங்களுக்குத் தாங்களே வாய்ப்பூட்டு போட்டுக்கொள்கிறார்கள், அதை உடைக்க வேண்டும் என்பது அந்த இதழ் சொன்ன காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் 2003இல், இயேசு உயிர்த்தெழுந்ததைக் கிண்டல் செய்து கிறிஸ்டோஃபர் சீலர் என்ற ஓவியர் அனுப்பிய படங்களை இதே நாளிதழ் திருப்பி அனுப்பியிருந்தது. வாசகர்கள் ரசிக்கமாட்டார்கள், கூச்சல் கிளம்பும் என்பது அப்போது சொன்ன காரணம். அவை நாங்கள் கேட்டு வாங்கிய படங்கள் இல்லை, இவை கேட்டு வாங்கியவை என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். எனக்கு அந்த விளக்கம் ஒட்டவில்லை. யாருடைய கூச்சலுக்கு ஒரு பத்திரிகை காது கொடுக்கிறது என்பது அதன் நிராகரிப்புக் கடிதங்களில் இருக்கிறது. அச்சில் வந்ததை மட்டும் வைத்துக் கருத்துச் சுதந்திரத்தை அளப்பதால்தான் இந்த விவாதம் எப்போதும் பாதிக் கதையோடு நடக்கிறது.

அந்த 12 படங்களில் இன்னொரு சங்கதியும் உண்டு. எல்லாமே நபியைத் தாக்கியவை அல்ல. ஒன்றில் முகம்மது என்ற பெயருள்ள பள்ளிச் சிறுவன் ஒருவன் கரும்பலகையில் பாரசீக மொழியில், இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் குழு பிற்போக்கான வம்புக்காரர்கள் என்று எழுதிக்கொண்டு நிற்கிறான். பத்திரிகையையே நக்கல் செய்த படம். ஆனால் தலைப்பாகையில் வெடிகுண்டு வைத்து குர்ட் வெஸ்டர்கார்ட் வரைந்த ஒரு படம்தான் எல்லோர் நினைவிலும் நின்றது. டென்மார்க்கைச் சேர்ந்த இமாம்கள் சிலர் டிசம்பரில் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு மத்தியக் கிழக்குக்குப் போனபோது, பத்திரிகையில் வராத மூன்று படங்களும் அதில் சேர்ந்திருந்தன. அதற்கு முன்பு அக்டோபரில், முஸ்லிம் நாடுகளின் தூதர்கள் பிரதமர் ராஸ்முசனைச் சந்திக்க நேரம் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். 2006 பிப்ரவரியில் டமாஸ்கஸிலும் பெய்ரூட்டிலும் டென்மார்க் தூதரகங்கள் எரிந்தன. வெஸ்டர்கார்ட் வீட்டுக்குள் 2010 புத்தாண்டு நாளில் ஒருவர் கோடரியோடு நுழைந்தார். பாதுகாப்பு அறைக்குள் ஓடித் தப்பியவர், 2021இல் இறக்கும் வரை காவலோடுதான் வாழ்ந்தார். ஒரு பத்திரிகை அரசாங்கம் சொல்லித் திருத்திக்கொள்ளக் கூடாது என்பது சரி. அதற்காக, வந்து உட்கார்ந்து பேசுகிறேன் என்பவரிடம் நாற்காலி இல்லை என்று சொல்ல வேண்டுமா? இதை எங்கள் அலுவலக வரவேற்பறையில் நேராகவே சந்தித்தோம்.

விஷயம் இதுதான். எங்கள் பகுதி உள்ளாட்சி அமைப்பு ஒன்றின் சாலைப் பணிகளைப் பற்றிக் கணக்குத் தணிக்கையாளர்கள் எழுப்பிய ஆட்சேபங்களைச் செய்தியாகப் போட்டிருந்தோம். தேர்த் திருவிழாக் காலம். அண்ணன் ஒரு தேர் வரைந்தார். உற்சவர் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளூர் அரசியல் பிரமுகர் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டிய ஒப்பந்தக்காரர்களும் கமிஷன்காரர்களும் வடம் பிடித்து இழுக்கிறார்கள். சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை. அதன் மேல் ‘தணிக்கை அறிக்கை’ என்ற எழுத்து. “கட்டையை எடுங்கள், தேர் நகரட்டும்!” என்பது வாசகம். எங்களுக்கு ஒரே சிரிப்பு. நோட்டில் “தாக்கப்படுவது: பிரமுகரும் ஒப்பந்தக்காரர்களும். சாமி படத்தில் இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பினோம்.

மறுநாள் காலையில் அந்தப் படத்தை யாரோ கைபேசியில் எடுத்து, அடி வாசகத்தையும் முட்டுக்கட்டையில் இருந்த எழுத்தையும் வெட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் விட்டார்கள். மேலே புது வாசகம்: சாமி இருக்க வேண்டிய இடத்தில் மனிதனை உட்கார வைத்து இந்துக்களைக் கேவலப்படுத்திய பத்திரிகை. முட்டுக்கட்டை போனதும் படத்தில் ஊழலும் போய்விட்டது. மிஞ்சியது தேரும் ஒரு மனிதனும். மத்தியானத்துக்குள் தொலைபேசி ஓயவில்லை. கூர்ந்து கேட்டால், பேசியவர்களில் கணிசமானோர் அந்தப் பிரமுகரின் ஆட்கள். தலைவரைத் திட்டிவிட்டீர்கள் என்று சொன்னால் தணிக்கை அறிக்கையைப் பற்றிப் பேச வேண்டி வரும். சாமியைத் திட்டிவிட்டீர்கள் என்றால் அந்தத் தொல்லை இல்லை. மதம் புண்பட்டது என்ற புகாரின் பின்னால் யாருடைய கணக்கு அடிபட்டிருக்கிறது என்று பார்ப்பது அன்றிலிருந்து என் பழக்கமாகிவிட்டது.

ஒரு வழக்கறிஞர் கொண்டுவந்த புகார் மனுவில் ‘தேரின் மீது செருப்புக் காலோடு’ என்று ஒரு வரி இருந்தது. அண்ணன் வெறுங்கால்தான் வரைந்திருந்தார். மூலப் படத்தை எடுத்து மேஜையில் வைத்தோம். இந்தியன் இங்கில் ஐந்து விரல்களும் தெளிவாக இருந்தன. பெருவிரலில் வெள்ளை மை தொட்டுத் திருத்திய தடம்கூடத் தெரிந்தது. ஆனால் பாதத்தின் கீழே நிழலுக்காக இழுத்த நெருக்கமான கோடுகள், செய்தித்தாள் காகிதத்தில் மை பரவி, அதைக் கைபேசியில் எடுத்து, பத்துப் பேர் கைமாறியபோது கறுத்துத் தடித்த ஒரு பட்டையாகிவிட்டன. பார்த்தால் செருப்பு மாதிரிதான் இருந்தது. மனு எழுதியவர் அந்த இடத்தில் பொய் சொல்லவில்லை. இதற்குப் பிறகு எந்தப் படத்தையும் கைபேசித் திரை அளவுக்குச் சுருக்கி, மங்கலாக்கிப் பார்க்காமல் நாங்கள் விடுவதில்லை. வாசகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்ப்போம். படம் மட்டும் நின்றால் என்ன சொல்கிறது என்று, படத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம், பெரும்பாலும் விளம்பரப் பிரிவு ஆட்களிடம், கேட்போம். முக்கியமான எழுத்தைப் படத்தின் ஓரத்தில் வைக்காமல் நடுவில், வெட்ட முடியாத இடத்தில் வைக்கச் சொல்லி அண்ணனிடம் கேட்டுக்கொண்டோம். வெளியான தேதியைக் கையெழுத்தின் அருகிலேயே போடுவதும் அப்போது வந்த பழக்கம்.

தேதியின் அருமை பிற்பாடு இன்னும் புரிந்தது. இந்தூரைச் சேர்ந்த கார்ட்டூனிஸ்ட் ஹேமந்த் மாளவியா கொரோனா காலத்தில், 2021இல் வரைந்த ஒரு படத்தை 2025இல் வேறொருவர் புதுக் கருத்தோடு சமூக ஊடகத்தில் பகிர, அதன் பேரில் மத உணர்வைப் புண்படுத்தியதாக வழக்கு வந்தது. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் முன்ஜாமீன் மறுத்து, உச்ச நீதிமன்றம்தான் இடைக்காலப் பாதுகாப்புக் கொடுத்தது. 1949இல் கார்ட்டூனிஸ்ட் சங்கர் வரைந்த, நத்தை மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்க நேரு சாட்டையோடு நிற்கும் படம் வெளியான காலத்தில் பெரிதாகச் சர்ச்சையாகவில்லை. 2012இல் அது பாடப்புத்தகத்தில் இருப்பதை நம் தொல். திருமாவளவன் மக்களவையில் எழுப்பினார், படம் நீக்கப்பட்டது. வரைந்தபோது அது அரசியல் சாசனம் எழுத ஆன தாமதத்தைப் பற்றிய படம். அறுபது ஆண்டு கழித்து, சாட்டையடிக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கும் நாட்டில், வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு தலித் மாணவனின் கண்ணுக்கு அது வேறு படம். நீக்கியது சரியா என்பதில் எனக்கு இன்னும் இரண்டு மனம்தான். பக்கத்தில் விளக்கம் எழுதியிருக்கலாம் என்று ஒரு மனம் சொல்கிறது.

வரவேற்பறைக்கு வருகிறேன். அன்று மாலை ஒரு குழுவினர் வந்தார்கள். ஆசிரியர் அவர்களை உள்ளே அழைத்து உட்கார வைத்தார், டீ வந்தது, அன்றைய பக்கத்தை முழுசாக ஆளுக்கொரு பிரதி கொடுத்தோம். கத்தரித்த துண்டை யார் கையிலும் கொடுக்கவில்லை. “படத்தில் என்ன இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்” என்று ஒவ்வொருவராகக் கேட்டார். பாதிப் பேர் அப்போதுதான் முட்டுக்கட்டையைப் பார்த்தார்கள். குரல் இறங்கியது. அதோடு முடிந்தது என்று நினைத்தபோது, கடைசியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பேசினார். “தலைவரைத் திட்டுங்கள், நான் கேட்கவில்லை. நான் சின்ன வயதிலிருந்து வடம் பிடிக்கிறவன். வடம் பிடிக்கிறவனைக் கமிஷன் வாங்குகிறவனாகப் போட்டிருக்கிறீர்களே, அம்மா.”

யாருக்கும் உடனே பதில் வரவில்லை. சாமியைப் பற்றிய புகார் என்று நாங்கள் வாதத்தைத் தயார் செய்து வைத்திருந்தோம். அவர் சொன்னதோ மனிதர்களைப் பற்றி. இன்றுவரை அந்தப் படம் போட்டது சரி என்றுதான் நினைக்கிறேன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதி, மறுநாள் அதே பக்கத்தில், அதே அளவில், படத்தைச் சின்னதாகப் பக்கத்தில் வைத்து அவர் பெயரோடு கடிதமாகப் போட்டோம். வருத்தம் தெரிவிக்கவில்லை. அவரும் அதைக் கேட்கவில்லை.

மதம் புண்பட்டது என்று வருகிறவர்களில் இப்படி இரண்டு வகை உண்டு. ஒருவருக்கு வலி இருக்கிறது. இன்னொருவருக்கு வேலை இருக்கிறது. வாசலிலேயே பிரித்துப் பார்க்க முடியாது. உட்கார வைத்துப் பேசினால்தான் தெரியும். அதனால் எல்லோரையும் உட்கார வையுங்கள். ஆனால் கூட்டமாகப் பேசாதீர்கள், மூன்று நான்கு பேரை மட்டும் உள்ளே விடுங்கள், கைபேசியில் நேரலை போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஓவியரை அந்த அறைக்குள் கொண்டுவரவே கூடாது. படம் வெளியான பிறகு அது பத்திரிகையின் படம். சட்டப்படியும் பொறுப்பு ஆசிரியர், வெளியீட்டாளர் தலையில்தான் முதலில் விடியும். “வரைந்தவனைக் காட்டு” என்பதற்கு “ஆசிரியர் நான்தான்” என்பது ஒன்றே பதில்.

போலீஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது இரண்டு நாள் கழித்து. வழக்குப் பதிவாகவில்லை; மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர். மட்டும் போட்டிருந்தார்கள். எங்கள் வழக்கறிஞர் ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதிக் கொடுத்தார். முழுப் பக்கத்தின் பிரதிகள், முந்தைய நாட்களில் வந்த தணிக்கைச் செய்திகள், மூலப் படத்தின் நகல், நோட்டில் அந்தத் தேதியின் பக்கம் ஆகியவற்றோடு போனோம். ஆய்வாளர் அதிகம் பார்த்தது கடைசியாகச் சொன்னதைத்தான். வெளியிடும் முன்பே “சாமி படத்தில் இல்லை” என்று கையெழுத்தோடு எழுதியிருந்தது, பிறகு ஜோடித்த சமாதானமாகத் தெரியவில்லை. எதையும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். கொடுத்த தாளுக்குப் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்காமல் படியிறங்காதீர்கள்.

சட்டத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது பலர் பயப்படுவதைவிட நல்லது, சிலர் நம்புவதைவிட மோசம். மத நம்பிக்கையை அவமதிப்பதைக் குற்றமாக்கும் 295ஏ பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1927இல் வந்தது. லாகூரில் நபியைப் பற்றி வெளியான ஒரு நூலுக்காக நடந்த வழக்கில் பதிப்பாளர் விடுதலையாக, அதில் எழுந்த கொதிப்பைத் தணிக்கக் கொண்டுவந்த பிரிவு அது. தணிந்ததா என்றால், அந்தப் பதிப்பாளர் 1929இல் கொல்லப்பட்டார். இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 299 என்ற எண்ணில் இருக்கிறது. அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. 1957இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் இந்தப் பிரிவு செல்லும் என்றார்கள். கூடவே, திட்டமிட்டு, தீய நோக்கத்தோடு செய்த கடும் அவமதிப்பு மட்டுமே குற்றம், கவனக்குறைவாகவோ நோக்கமில்லாமலோ நேர்ந்தது குற்றமாகாது என்றும் எல்லை போட்டார்கள். 2013இல் ஒரு வணிக இதழின் அட்டையில் கிரிக்கெட் வீரர் தோனியை விஷ்ணு வேடத்தில், கைகளில் விளம்பரப் பொருட்களோடு, அதில் ஒன்று காலணி, போட்டதற்கு வந்த வழக்கை அதே எல்லையைச் சொல்லித்தான் உச்ச நீதிமன்றம் 2017இல் ரத்து செய்தது. நான்கு ஆண்டு! தோனிக்கு வழக்கறிஞர் வைக்க வசதி உண்டு. மாதம் சில படங்களுக்குச் சன்மானம் வாங்கும் ஓவியருக்கு?

இந்தப் பிரிவில் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்க அரசின் முன் அனுமதி வேண்டும். ஆனால் எஃப்.ஐ.ஆர். போட, வீட்டுக் கதவைத் தட்ட அது வேண்டியதில்லை; பிரிவு ஜாமீனில் வர முடியாத வகை வேறு. நடைமுறையே தண்டனையாகும் இடம் இதுதான். 2025 மார்ச்சில் நாடாளுமன்ற உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி மீதான வழக்கை ரத்து செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கொஞ்சம் தெம்பு தருகிறது. பேச்சு, எழுத்து சம்பந்தமான, மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள புகார்களில் எஃப்.ஐ.ஆருக்கு முன் ஆரம்ப விசாரணை நடத்துவது பொருத்தம் என்றும், எதைக் கண்டாலும் ஆபத்து என்று பதறுகிறவரின் கண்ணால் ஒரு படைப்பை அளக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பின் நகலை வழக்கறிஞரிடம் இன்றே வாங்கி வையுங்கள். கூட்டம் கூடும் என்பதையே காரணம் காட்டித் தடுக்க வந்தால் 1989ஆம் ஆண்டின் ரங்கராஜன் வழக்குத் தீர்ப்பு உதவும். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படம் சம்பந்தமாக நம் ஊரிலிருந்தே போன வழக்கு அது. ஆர்ப்பாட்ட மிரட்டலுக்காகக் கருத்தை அடக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்றது உச்ச நீதிமன்றம்.

“இது பெரியார் மண், இங்கே எதையும் வரையலாம்” என்று எங்கள் அலுவலகத்தில் ஓர் இளைஞர் அடிக்கடி சொல்வார். பாதி உண்மை. பெரியார் 1953இல் மண் பிள்ளையாரை உடைத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1958இல் காலம் கடந்துவிட்டது என்று மேல் நடவடிக்கை இல்லாமல் முடிந்தது. ஆனால் ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதும் எந்தப் பொருளும், எவ்வளவு அற்பமானதாக இருந்தாலும், சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லிவிட்டது. சேலத்தில் 1971 ஜனவரியில் பெரியார் நடத்திய ஊர்வலத்தில் ராமர் படம் அவமதிக்கப்பட்டதாக எழுந்த கொதிப்புக்கு நடுவே மார்ச்சில் தேர்தல் வந்து, திமுக 184 இடங்களில் வென்றது. வாக்காளர் ஒன்று நினைக்கிறார், நீதிமன்றம் ஒன்று சொல்கிறது. நடுவில் உட்கார்ந்து படம் போட வேண்டியவர் நாம்.

சட்டம் எங்கே கோடு போட்டாலும் மேஜையில் எனக்கென்று ஒரு கோடு உண்டு. அது சாமியைச் சுற்றி இல்லை. முத்தலாக் அவசரச் சட்டம் வந்த 2018இல் அண்ணன் ஒரு படம் கொண்டுவந்தார். கட்டம் போட்ட லுங்கி, மீசை இல்லாத தாடி, தொப்பி வைத்த ஒரு தடித்த ஆள் மூன்று விரலைக் காட்ட, மூலையில் ஒரு பெண் சுருண்டு கிடக்கிறாள். நான் வேண்டாம் என்றேன். “தாடியில் என்னம்மா இருக்கிறது? பட்டை போட்டவனையும் நாமம் போட்டவனையும் இத்தனை நாள் வரைந்தேனே” என்றார். நியாயமான கேள்வி. “பட்டை போட்டவரை வரைந்தால் அந்தக் கோயில் அதிகாரியைத்தான் பார்க்கிறார்கள், அண்ணே. இதைப் பார்க்கிறவர்கள் நம் பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருப்பவரைப் பார்ப்பார்கள்” என்றேன். அவர் மறுவரைவு செய்தார். புதுப் படத்தில் பெண் நடுவில், நிமிர்ந்து நிற்கிறாள். ஒரு பக்கம் தலாக் சொல்லும் கணவன், சாதாரண பேன்ட் சட்டையில்; இன்னொரு பக்கம் அவசரச் சட்டத் தாளோடு, அவள் தலைக்கு மேலே ஓட்டுப் பெட்டியைப் பார்க்கும் அரசியல்வாதி. முதல் படத்தைவிட இது காரமாக இருந்தது. இரண்டு தரப்பும் திட்டின.

நம்பிக்கையை, நம்பிக்கையின் பேரால் அதிகாரம் செய்கிறவரை, சடங்கை, ஏன் கடவுளையே கேலி செய்தாலும் நான் பத்திரிகையின் பக்கம்தான் நிற்பேன். கடவுளுக்கு வாடகை வீடு தேட வேண்டியதில்லை. ஒரு பெயரும் ஒரு தொப்பியும் இருப்பதாலேயே வீடு மறுக்கப்படும் ஒருவரைப் பிறப்பாலேயே சந்தேகத்துக்குரியவராக்கும் படத்தை நான் விடமாட்டேன். அதை நோட்டில் “மனம் புண்படும்” என்று எழுதியதில்லை. “ஒரு கூட்டத்தையே குற்றவாளியாக்குகிறது” என்று எழுதினேன்.

குறியீடு, ஆள் என்ற இந்தக் குழப்பம் கேரளத்தில் நன்றாகத் தெரிந்தது. பாலியல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருந்த பிஷப் ஃபிராங்கோ முளக்கலைச் சேவலாகவும், அவருடைய செங்கோலின் முனையில் பெண்ணின் உள்ளாடையையும் வரைந்த கே.கே. சுபாஷின் படத்துக்கு 2019இல் அம்மாநில லலித கலா அகாதமி விருது கொடுத்தது. மதச் சின்னம் அவமதிக்கப்பட்டது என்று கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள். இடதுசாரி அரசின் பண்பாட்டுத் துறை அமைச்சரே மறுபரிசீலனை கேட்டார். அகாதமி விருதைத் திரும்பப் பெறவில்லை. பின்னர் 2022இல் விசாரணை நீதிமன்றம் பிஷப்பை விடுதலை செய்தது. அப்படி ஒரு படம் என் மேஜைக்கு வந்திருந்தால் மதத்தைப் பற்றி யோசித்திருக்கமாட்டேன். விசாரணை முடியாத வழக்கில் தீர்ப்பு எழுதுகிறோமா என்றுதான் யோசித்திருப்பேன். மதம் என்ற பெரிய சொல் உள்ளே வந்தவுடன், கேட்க வேண்டிய இந்தச் சாதாரணக் கேள்விகள் காணாமல் போகின்றன.

பாரிஸில் 2015 ஜனவரி 7 அன்று சார்லி எப்தோ என்ற நையாண்டி வார இதழின் அலுவலகத்தின் மீது நடந்த தாக்குதலில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட இரவு, அவர்களுடைய படத்தை நாமும் போடுவதா என்று எங்கள் அறையில் பெரிய வாக்குவாதம். போடவில்லை. அதே மாதம் மும்பையில் அவத்நாமா என்ற உருது நாளிதழின் ஆசிரியர் ஷிரீன் தல்வி சார்லி எப்தோவின் அட்டையைச் செய்தியோடு மறுபிரசுரம் செய்தார். மறுநாளே மன்னிப்புக் கேட்டும் பல நிலையங்களில் வழக்கு வந்தது, கைதானார், மும்பைப் பதிப்பு மூடப்பட்டது, உடன் வேலை பார்த்தவர்களும் தெருவுக்கு வந்தார்கள். மன்னிப்பு எல்லாவற்றையும் அணைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். எதற்காக வருத்தப்படுகிறோம் என்று சொல்லாத வருத்தம் யாரையும் சமாதானப்படுத்துவதில்லை. தகவல் பிழை இருந்தால் பிழையைச் சொல்லித் திருத்துங்கள். பிழை இல்லாவிட்டால் எதிர்க்கருத்துக்கு இடம் கொடுங்கள். “யார் மனமாவது புண்பட்டிருந்தால்” என்று தொடங்கும் அந்தப் பழகிப்போன வாக்கியத்தை மட்டும் போடாதீர்கள். அது ஓவியரைக் கைவிட்டுவிட்டோம் என்று கூட்டத்துக்குச் சொல்லும் சைகை. இணையத்தில் படத்தை எடுத்துவிட நேர்ந்தால், எடுத்தோம், இன்ன காரணத்தால் எடுத்தோம் என்று அந்த இடத்தில் ஒரு வரி எழுதுங்கள். சத்தமில்லாமல் காணாமல் போன படம் பத்து மடங்கு பரவும்.

அண்ணன் மாதச் சம்பளக்காரர். அதனால் அவர் தப்பித்தார். இப்போது பெரும்பாலான ஓவியர்கள் படத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்து வரைகிறவர்கள். அவர்களில் பலர் அதே படத்தைத் தங்கள் சொந்தப் பக்கத்திலும் போடுகிறார்கள். வழக்கு வந்தால் அந்தப் பதிவின் பேரில்தான் வரும், பத்திரிகை நழுவிக்கொள்ளும். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதல் படத்துக்கு முன்பே ஒரு மின்னஞ்சலாவது வாங்கிக்கொள்ளுங்கள். வெளியான படத்தின் பேரில் புகார், சம்மன், வழக்கு எது வந்தாலும் வழக்கறிஞர் செலவு நிர்வாகத்துடையது, வேறு ஊரில் வழக்கு வந்தால் போக்குவரத்துச் செலவும் சேர்த்து, ஆசிரியர் அனுமதியோடு சொந்தப் பக்கத்தில் பகிர்ந்த படமும் இதில் அடங்கும் என்று மூன்று வரி. கேட்டால் பெரும்பாலும் தயங்குவார்கள். தயங்கும் இடத்தில் மதத்தைப் பற்றிய படம் கேட்டால், விளையாட்டைப் பற்றி வரைந்து கொடுங்கள்.